குளியலறை டைல்ஸுக்குக் கிரவுட்: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் புதிதாகக் குளியலறை கட்டுபவர்கள், டைல்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரைக்குடிக் கடைகளிலும் ஆத்தங்குடிப் பட்டறைகளிலும் நாள்கணக்கில் அலைகிறார்கள். அவற்றின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டை மட்டும், வேலை முடியும் தறுவாயில் கொத்தனார் கேட்கும்போது நிறம் பார்த்து வாங்கி வருகிறார்கள். ஷவரின் கீழ் முதலில் கெடுவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளே என்பதால், கிரவுட்டை டைல்ஸுடன் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மலிவு கருதி வெள்ளை சிமென்டில் ஆக்சைடு பொடியைக் கலந்து பூசுவது இன்னும் பரவலாக இருக்கிறது. அது காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும், நீரை உறிஞ்சும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் எண்ணெயும் சீயக்காயும் அதில் இறங்கி, விரைவிலேயே கறுத்துவிடும்.

பையில் அச்சிடப்பட்ட வகைக் குறியீட்டைப் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். டைல்ஸ் கிரவுட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13007-இன்படி சாதாரண சிமென்ட் கிரவுட் ‘சிஜி1’. மேம்பட்டது ‘சிஜி2’, அதிலும் நீர் உறிஞ்சுதல் குறைந்தது ‘டபிள்யூ’ என்ற எழுத்தைச் சேர்த்துப் பெறும். எபாக்சி போன்ற பிசின் வகை ‘ஆர்ஜி’. 240 நிமிட நீர் உறிஞ்சல் சோதனையில் சிஜி1 வகையின் சோதனைத் துண்டு 10 கிராம் வரையும், டபிள்யூ வகை 5 கிராம் வரையும் நீரை உறிஞ்சலாம். ஆர்ஜி வகைக்கு வரம்பு 0.1 கிராம்தான். விட்ரிஃபைடு அல்லது செராமிக் டைல்ஸ் பதித்த ஷவர் பகுதிக்கு எபாக்சியே நல்லது என்பது என் கருத்து. ஆனால் பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தபின் அது நெடுநேரம் காத்திருக்காது; நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகும். சிறிது சிறிதாகக் கலந்து, பூசிய கையோடு ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கும் பழக்கமுள்ளவரே அதைச் செய்ய வேண்டும்.

சிமென்ட் வகைதான் வேண்டும் என்றால், 3 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளிக்கு மணல் கலக்காததும், அதற்கு மேற்பட்டதற்கு மணல் கலந்ததும் பொருந்தும். டைல்ஸை இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் பதித்தால் எந்தக் கிரவுட்டும் உள்ளே இறங்காது. டைல்ஸுக்கு இடையே சீரான இடைவெளி விட உதவும் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் துண்டுகளை வைக்கச் சொல்லுங்கள். பூச எளிது என்று தண்ணீரைக் கூட்டுவதை அனுமதிக்காதீர்கள். நீர் மிகுந்தால் வலு குறைந்து, நிறமும் திட்டுத்திட்டாகும்.

ஆத்தங்குடி டைல்ஸ் தனிக் கவனம் கேட்பவை. கண்ணாடியின் மேல் நிறக்கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் இட்டுச் செய்து, நீரில் ஊறவைத்து இறுகச் செய்யப்படும் அவை சூளையில் சுடப்படுவதில்லை. ஆகவே நீரையும் நிறத்தையும் உறிஞ்சும். கறுப்பு, அடர் சிவப்புக் கிரவுட்டின் நிறம் ஓரங்களில் இறங்கினால் போகாது. எபாக்சிப் படலம் படிந்தால் அதையும் எளிதில் எடுக்க முடியாது. கிரவுட் கறையையோ உப்புப் படிவையோ ஆசிட் ஊற்றிக் கழுவுவது இவற்றுக்கு ஆகவே ஆகாது, ஏனெனில் ஆசிட் சிமென்டையே அரித்து மேற்பரப்பின் பளபளப்பை அழித்துவிடும். ஷவர் தண்ணீர் நேரே விழாத பகுதிக்கு இவற்றை ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ஷவர் பகுதியிலேயே பதித்தே தீர வேண்டுமானால், முதலில் நீர் உறிஞ்சுவதைக் குறைக்கும் ஊடுருவும் சீலரைப் பூசி, டைல்ஸின் நிறத்தை ஒட்டிய வெளிர் கிரவுட்டை ஓர் உதிரி டைல்ஸில் சோதித்துப் பாருங்கள்.

சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலைகளைக் கிரவுட்டால் அடைப்பது அடுத்த தவறு. இரு பரப்புகளும் தனித்தனியே சிறிது அசைவதால் அங்கே கிரவுட் வெடிக்கும். பூஞ்சை பிடிக்காத, நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கோன் சீலண்டே பொருத்தம். எபாக்சி போட்டாயிற்று என்று, டைல்ஸுக்கு அடியில் செய்ய வேண்டிய நீர்க்காப்புப் பூச்சை விட்டுவிடவும் கூடாது. கசிவைத் தடுப்பது அந்தப் பூச்சுதான். கிரவுட் அதற்கு மாற்றல்ல.

முன்னோருக்கான படைப்புக்கோ திருமணத்துக்கோ உறவினர்கள் வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய மாலையில் கிரவுட் பூசி, மறுநாளே ஷவரைத் திறந்துவிடுவதும் இங்கே நடக்கிறது. டைல்ஸ் ஒட்டி ஒரு நாளாவது ஆனபின் கிரவுட் பூசி, பையில் குறித்துள்ள காலம் முடியும்வரை, சிமென்ட் வகையானால் குறைந்தது மூன்று நாளாவது, ஷவரைத் திறக்காமல் வைக்கும்படி வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.