ரீஃப் தொட்டியில் நைட்ரேட்: அளப்பது, குறைப்பது, எங்கே நிறுத்துவது

பவளத் தொட்டி வைத்த புதிதில், கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதையே ஒரு வேள்வியாகச் செய்துகொண்டிருந்தேன். பூஜ்ஜியமும் வந்தது. பவளங்கள் வெளிறிப்போயின, மணல்மேல் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்புக் கோழையாகப் படர்ந்தது. பவளத்துக்கும் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிக்கும் கொஞ்சம் நைட்ரஜன் வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பலவகைப் பவளங்கள் கலந்த தொட்டிக்கு 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை நல்ல அளவு. மென்பவளங்கள் மட்டும் என்றால் 20 வரைகூடப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

முதல் வேலை: ஒழுங்காக அளப்பது

கடல்நீருக்கு ஏற்ற டெஸ்ட் கிட்தான் வேண்டும். பல கிட்களில் ஒரு பாட்டிலின் அடியில் தூள் படிந்துவிடும். சொன்ன நேரம் வரை அதைக் குலுக்காவிட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அட்டையில் இருப்பது நைட்ரேட்டா, 'நைட்ரேட்-நைட்ரஜனா' என்றும் பாருங்கள். இரண்டாவது என்றால் வந்த எண்ணை 4.4-ஆல் பெருக்க வேண்டும். தொட்டி புதிது என்றால் இன்னொரு சிக்கல்: தண்ணீரில் நைட்ரைட் மிச்சமிருந்தால் நைட்ரேட் பொய்யாக ஏறித் தெரியும்.

அடுத்து: எங்கிருந்து வருகிறது?

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குகின்றன. அதையும் நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு, ஆனால் அவை ஆக்சிஜன் எட்டாத இடத்தில்தான் வேலை செய்யும். லைவ் ராக்கின் (பாக்டீரியா குடியிருக்கும் துளைப்பாறை) உள்ளே கொஞ்சம், ஆழமான மணலின் அடியில் கொஞ்சம். மிச்சம் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

அதனால் தீனியில் தொடங்குங்கள். உறைந்த தீனியை வலையில் கொட்டி அலசிவிட்டுப் போடுங்கள். ஃபில்டர் சாக்ஸை (தண்ணீரை வடிகட்டும் துணிப்பை) இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவைத்துவிடுங்கள். அதில் சிக்கிய அழுக்கும் தண்ணீருக்குள்தானே ஊறிக்கொண்டிருக்கிறது! உப்பு கலப்பதற்கு முன் உங்கள் ஆர்ஓ தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். அதிலேயே நைட்ரேட் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

தண்ணீர் மாற்றுவது

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தொட்டியில் 40 பிபிஎம் இருக்கிறது, வாரம் 20 சதவீதம் மாற்றுகிறீர்கள். 40 என்பது 32 ஆகும், அடுத்த வாரம் 25.6, அதற்கடுத்த வாரம் ஏறக்குறைய 20. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே தொட்டியில் வாரத்துக்கு 8 பிபிஎம் புதிதாக உற்பத்தியாகிறது என்றால்? 32-க்கு இறங்கியது மறுபடி 40-க்கே வந்து நிற்கும். வாளி வாளியாகச் சுமந்தும் எண் அசையவில்லை என்று புலம்புபவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். முந்தைய படியை முடிக்காமல் இதற்கு வராதீர்கள்.

புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு). அவசரப்பட்டு ஒரே நாளில் பாதியை மாற்ற வேண்டாம். பவளங்களுக்கு 40-ஐவிடத் திடீர் மாற்றம்தான் பெரிய அடி.

தினமும் வெளியேற்ற

புரோட்டீன் ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது. கழிவு நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே அதை நுரையோடு வெளியே தள்ளும். நுரை சேரும் அதன் கோப்பையின் கழுத்தில் பிசுக்கு ஏறினால் நுரை எழாது, துடைத்துக்கொண்டே இருங்கள். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டி) இடமிருந்தால் கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கலாம். அது நைட்ரேட்டை உண்டு வளரும்; அவ்வப்போது பாதியைப் பிய்த்து எறிய வேண்டும், இல்லையென்றால் எதுவும் வெளியேறவில்லை என்று அர்த்தம். அதன் விளக்கை இரவில் எரியவிட்டால் பிஹெச் இறங்குவதும் குறையும்.

நைட்ரேட்டை உண்ணும் பாக்டீரியாவைப் பெருக்க வோட்கா, வினிகர் ஊற்றும் கார்பன் டோஸிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். பாக்டீரியா திடீரென்று பெருகினால் தண்ணீர் பால்போல் கலங்கும், ஆக்சிஜன் இறங்கும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.

எண் தானாக 2-க்கும் கீழே போய்விட்டால் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், போதும். மாறாக, எதையும் மாற்றாமலே ஒரு வாரத்தில் எகிறினால் டெஸ்ட்டை மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் அதே எண் என்றால் ஏதாவது செத்து அழுகிக்கொண்டிருக்கலாம்; பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்து நத்தைகளை எண்ணுங்கள். எனக்கு ஒருமுறை இரண்டு குறைந்தன.