பெரிய ஜாஸ் குழுவுக்கு ஆல்பம் அமைக்கும் முறை

வேலூரில் கல்யாண ஊர்வலங்களிலும் தேவாலயங்களிலும் வாசிக்கும் கலைஞர்களைக் கொண்டு, சொந்த மெட்டுகளும் பழைய ஜாஸ் பாடல்களும் கலந்த ஆல்பம் செய்ய விரும்புவோர், 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிரோம்போன், பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்னும் 17 பேர் அமைப்பிலிருந்து தொடங்கலாம்.

பழைய பாடல்கள் பெரும்பாலும் 32 பார் (தாள அளவு) கொண்டவை என்பதால், முதல் சுற்றில் (அந்த 32 பாரையும் ஒரு முறை முழுதாக வாசிப்பதில்) மெட்டைத் தெளிவாக நிலைநிறுத்தி, அடுத்த சுற்றைத் தனி வாசிப்புக்கு விட்டு, அதன் பின்னணியில் டிரோம்போன்களுக்கு நீண்ட, மெல்லிய ஸ்வரங்களை எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து முழங்குவதைக் கடைசிச் சுற்றுக்கே வைத்திருப்பதுதான் என் பார்வையில் சிறந்தது.

சில கருவிகளில் தாளில் எழுதியதும் ஒலிப்பதும் வேறு என்பதால், ஒலிக்க வேண்டிய ஸ்வரம் 'சி' என்றால், டிரம்பெட் தாளில் 'டி' என்றும், ஆல்டோ சாக்ஸபோன் தாளில் 'ஏ' என்றும் எழுத வேண்டும். பதிப்புரிமை உள்ள பாடலுக்கு முன் அனுமதி அவசியம்.

வேலூர் வெயிலில் காற்றுக் கருவிகளின் சுருதி ஏறிவிடுமாகையால், கருவிகள் அறையின் வெப்பத்துக்குப் பழகிய பின்னரே சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.