கொடம்புளி மாத்திரை: தவறு எங்கே தொடங்குகிறது?

மீன் குழம்பில் கிடந்தவரை அது கொடம்புளி. குப்பிக்குள் புகுந்ததும் ‘கார்சீனியா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு உடல் எடையைக் குறைக்கும் மாத்திரையாகிவிடுகிறது. (பள்ளி வாசலில் விற்கும் கொடுக்காப்புளி வேறு மரம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதன் முக்கிய அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று 1965இல் அறிவித்தவர்கள், மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும். மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்றும் வழியில் ஒரு நொதியை இது தடுக்கிறது. அதுவரை சரி.

முதல் தவறு, சுண்டெலிகளிடம் நடத்திய ஆய்வுகளை நம்புவது. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் கொழுப்பு மிகுந்த தீனியோடு கொடம்புளிச் சாற்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். எலி குறைவாகக் கொழுத்தால், கொழுப்பது தடுக்கப்பட்டது என்று பொருள்; இருந்த தொப்பை கரைந்தது என்றல்ல. போதாக்குறைக்கு, மனித உடல் மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பை உருவாக்குவது வழக்கமாகச் சொற்பமே. வடையில் உள்ள எண்ணெய்க்கு அந்த நொதியின் தயவு தேவையில்லை, நேராகவே போய்ச் சேர்ந்துவிடும்.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 135 பேர், 12 வாரம், ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் இந்த அமிலம், மறு சாராருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இரு சாராருக்கும் எடை குறைந்தது. எல்லோருமே கலோரி குறைந்த உணவில் இருந்தார்கள்! மாத்திரையால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ‘மாத்திரையோடு உணவுக் கட்டுப்பாடும் அவசியம்’ என்ற பொடியெழுத்தை இனி எங்கே பார்த்தாலும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற நினைப்புதான் எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது. இதற்குக் கிரீன் டீயே உதாரணம். கோப்பையில் ஊற்றிக் குடிப்பதும், அதே இலையின் செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றல்ல. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருளை மாத்திரை வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. கார்சீனியா கலந்த மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்குவது, இரண்டு மூன்று குப்பிகளைச் சேர்த்துச் சாப்பிடுவது, மருத்துவரிடம் மறைப்பது, எல்லாமே இந்தத் தவறுகளில் சேரும். மனச்சோர்வுக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம். சிறுநீர் அடர்நிறமானாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, அந்தக் குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.