முதலில் கல்லா, அப்புறம் காப்பி

இத்தாலியில், போலோனியா ரயில் நிலையத்துக் காப்பிக் கடை ஒன்றில் நானும் அம்மாவும் கால் மணி நேரம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டை மேடையில் வைத்தார்கள், சின்னக் கோப்பையை இரண்டே மடக்கில் காலி செய்தார்கள், போய்விட்டார்கள். எங்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "நம்மளப் பிடிக்கலையோ என்னமோ" என்றார் அம்மா. அந்த ஊரில் படிக்கும் தம்பி எங்களை அழைத்துப்போக வந்தவன், நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்தான். "முதல்ல கல்லா, அப்புறம்தான் காப்பி."

மூலையில் 'கஸ்ஸா' என்று எழுதியிருந்த இடத்தில் பணம் கட்டி, அவர்கள் தரும் ரசீதை, அதாவது 'ஸ்கொன்ட்ரீனோ'வை, மேடைக்காரரிடம் நீட்ட வேண்டுமாம். நீட்டியதும் முப்பது நொடியில் காப்பி வந்தது.

இரண்டு முறை போய்வந்ததில் நான் தெரிந்துகொண்டது, இத்தாலியில் ஒவ்வொரு காரியத்துக்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது என்பதுதான். அதை எங்கும் பலகையில் எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள். எங்களைப் போல விழித்துக்கொண்டு நிற்காமல் இருக்க இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காப்பியையே முடித்துவிடுகிறேன். 'கஃபே' என்று கேட்டால் வருவது எஸ்பிரெஸ்ஸோ, இரண்டு வாய்தான் இருக்கும். 'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பால்தான். பால் சேர்த்த காப்பி வேண்டுமென்றால் கப்புச்சீனோ கேளுங்கள். அதை அவர்கள் காலையில்தான் குடிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டால் தருவார்கள், ஆனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அம்மா மூன்று வேளையும் கேட்டார், ஒன்றும் ஆகிவிடவில்லை. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை. பெரிய சதுக்கங்களில் இந்த வித்தியாசம் பல மடங்காகவும் இருக்கும். ரயில் நிலையங்களில் முன்பணம்தான் வழக்கம். தெருமுனைச் சின்னக் கடைகளில் குடித்துவிட்டு, போகும்போது கட்டலாம். உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் ஒதுங்கி நின்று மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கடைக்குள் நுழையும்போது முதல் வேலை, வணக்கம் சொல்வது. பகலில் 'புவோன்ஜோர்னோ', சாயங்காலம் 'புவோனசேரா'. இதைச் சொல்லாமல் நேராக "இது எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். சினிமாக்களில் கேட்ட 'சாவ்' என்ற சொல்லைப் பழக்கமில்லாதவர்களிடம், அதுவும் வயதானவர்களிடம், சொல்லாதீர்கள். அது நண்பர்களுக்குள் சொல்வது. கூட்டத்தில் வழி விடச் சொல்ல 'பெர்மெஸ்ஸோ', யாரையாவது கூப்பிட 'ஸ்கூஸி'. இந்த நான்கு சொற்களை வைத்துக்கொண்டு அம்மா ஒரு வாரம் தனியாகக் கடைக்குப் போய்வந்தார்.

காய்கறிச் சந்தையில் பழத்தைக் கையால் எடுத்து அழுத்திப் பார்க்கக் கூடாது. கடைக்காரர்தான் எடுத்துக் கொடுப்பார். 'இன்றைக்குச் சாப்பிட' என்று சொன்னால் பழுத்ததாகவே பொறுக்கித் தருவார். சூப்பர் மார்க்கெட்டில் நாமே எடுக்கலாம், ஆனால் அங்கே வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு. பல கடைகளில் எடையையும் நாமே போட்டு விலைச்சீட்டை ஒட்ட வேண்டும். ஒட்டாமல் போய் நின்றால் வரிசை முழுவதும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

அடுத்தது ரயில், இங்கேதான் தண்டம் கட்டினோம். அதிவேக ரயில்கள், ஃப்ரெச்சாரோஸ்ஸா, இத்தாலோ போன்றவை, இருக்கை எண்ணோடு பதிவு செய்பவை. அவற்றில் ஏறி உட்கார்ந்தால் போதும். முன்கூட்டி வாங்கினால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். சின்ன ஊர்களுக்குப் போகும் 'ரெஜியோனாலே' ரயில் வேறு கதை. காகித டிக்கெட் என்றால், ஏறும் முன் பிளாட்பாரத்தின் முகப்பில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் செருகி நேர முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்தலாம் அல்லவா, அதனால் அது டிக்கெட் இல்லாத பயணத்துக்குச் சமம். பரிசோதகரிடம் நான் டிக்கெட்டைக் காட்டி வாதாடினேன். அவர் மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அதே பொறுமையோடு தண்டச் சீட்டை எழுதினார். செல்பேசியில் வாங்கியிருந்தால் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 'செக்-இன்' செய்யச் சொல்லியிருந்தால் ஏறும் முன்பே செய்துவிடுங்கள். நகரப் பேருந்திலும் அப்படித்தான், காகிதச் சீட்டை ஏறியவுடன் குத்த வேண்டும். சீட்டு கிடைக்கும் இடம், வெளியே பெரிய 'T' எழுத்து மாட்டிய 'தபாக்கி' கடை. புகையிலைக் கடைதான், ஆனால் தபால்தலை, பேருந்துச் சீட்டு எல்லாம் அங்கேதான்.

ரயில் நிலையத்தில் ஊர்ப் பெயர்கள் அவர்கள் மொழியில்தான் ஓடும். ஃப்ளாரன்ஸ் அங்கே 'ஃபிரென்ஸே', வெனிஸ் 'வெனேசியா', நேப்பிள்ஸ் 'நாபொலி'. வெனிஸுக்குப் போகிறவர்கள் 'மெஸ்த்ரே' என்ற நிலையத்தில் பதறி இறங்கிவிடாதீர்கள். அது கரையில் இருக்கும் ஊர். ரயில் அதைத் தாண்டி நீரின் மேல் நீளப் பாலத்தில் போய் 'சாந்தா லுசியா'வில் நிற்கும். கதவைத் தாண்டி வெளியே வந்தால் எதிரே பெரிய கால்வாய்.

போலோனியாவில் பிளாட்பார எண்ணோடு 'ஓவெஸ்த்' என்றோ 'எஸ்த்' என்றோ சேர்ந்திருந்தால், அதாவது மேற்கு, கிழக்கு என்று, அது தனியாக ஓரத்தில் இருக்கும் பிளாட்பாரம். பெரும்பாலான அதிவேக ரயில்கள் பூமிக்கு அடியில் நிற்கின்றன. இறங்கிப் போகவே பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்த நிலையத்தின் முன்சுவரில் ஒரு கடிகாரம் எப்போதும் 10.25 என்றே காட்டும். "இதை ரிப்பேர் பண்ண ஆளில்லையா?" என்று அம்மா கேட்டார். 1980 ஆகஸ்ட் 2 அன்று காலை அந்த நேரத்தில் அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அதற்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உடைந்த காத்திருப்பு அறையின் தரைக்குழியும், சுவரில் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. ரயிலுக்கு நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள். நேரத்துக்குக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

'ஷோபெரோ' என்ற சொல்லையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வேலைநிறுத்தம் என்று அர்த்தம். பெரும்பாலும் முன்பே அறிவித்துவிட்டுத்தான் நடத்துவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகையால் அன்றைக்குப் பயணம் இருந்தால் அந்த நேரத்துக்குள் கிளம்பிவிடுங்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இனி சாப்பாடு. அம்மா முட்டைகூடத் தொடாதவர். "சைவம்" என்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தோம். போதாது. 'கார்னே', அதாவது இறைச்சி, வேண்டாம் என்று சொன்னதற்குப் பன்றித் தொடையின் மெல்லிய சீவல்களோடு தட்டு வந்தது. அவர்கள் கணக்கில் அது 'ப்ரோஷூட்டோ', வேறு இனம். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா ப்ரோஷூட்டோ, சென்ஸா உவோவா. இறைச்சி, மீன், பன்றித்தொடை, முட்டை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். ரிசோத்தோ என்ற அரிசிச் சாப்பாட்டையும் சூப்பையும் கொதிக்கவைக்கும் 'ப்ரோதோ' எலும்புச் சாறாக இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

போலோனியா பக்கம் பாஸ்தா மாவையே முட்டை போட்டுத்தான் பிசைகிறார்கள். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்கிறேன். 'தொர்தெல்லீனி' சின்னது, உள்ளே பன்றி. 'தொர்தெல்லோனி' பெரியது, உள்ளே பொதுவாக ரிகோத்தா பால்கட்டி. ஓர் எழுத்து வித்தியாசம்தான், பார்த்துக் கேளுங்கள். முட்டையே கூடாதென்றால் உலர்ந்த பாஸ்தா வகைகள் இருக்கின்றன. ஸ்பகெட்டி, பென்னே போன்றவை பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். அம்மாவைக் காப்பாற்றியது 'பென்னே அர்ராபியாத்தா', தக்காளியும் பூண்டும் மிளகாயும் போட்டது. 'ஆல்யோ ஓல்யோ எ பெப்பெரோன்சீனோ' இன்னும் எளிது, எண்ணெயில் தாளித்த பூண்டும் காய்ந்த மிளகாயும். 'பிட்சா மரினாரா' என்றால் கடல் உணவு என்று ஓடிவிடாதீர்கள், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பால்கட்டிகூடக் கிடையாது. 'பெப்பெரோனி' என்று கேட்டால் வருவது குடைமிளகாய்.

பர்மிஜானோ பால்கட்டிக்குப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்க்கிறார்கள். அது கூடாதென்பவர்கள் 'சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள். ரொட்டி வகைகளில் 'ஸ்த்ரூத்தோ' என்று எழுதியிருந்தால் பன்றிக் கொழுப்பு. தட்டையான 'பியாதீனா'வில் இது வழக்கம், எண்ணெயில் செய்ததும் கேட்டால் கிடைக்கும்.

மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30க்கு மேல்தான் சமையலறை திறந்திருக்கும். நாலு மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் கதி. சின்ன ஊர்களில் மற்ற கடைகளும் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை அடைத்துவிடுவார்கள். அவர்களின் கோடை விடுமுறையான ஆகஸ்ட் 15ஐ ஒட்டிப் போனால் பாதி ஊர் பூட்டிக் கிடக்கும்.

சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது, எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். 'இல் கோன்தோ, பெர் ஃபவோரே' என்று கேட்க வேண்டும். பில்லில் 'கோபெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ஏமாற்று அல்ல, மேசையில் உட்கார்ந்ததற்கான கட்டணம், மெனுவிலேயே எழுதியிருப்பார்கள். அதனால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயமில்லை.

தண்ணீரை விலைக்கு வாங்காதீர்கள். ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த்தூண்கள் இருக்கின்றன. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் 'நசோனி' என்று பெயர். 1870களிலிருந்து ஓடுகின்றன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். அம்மாவுக்கு கொலோசியத்தைவிட இது பிடித்துப்போனது.

தண்ணீர் என்றதும் அடுத்த கவலை ஞாபகம் வரும். கழிப்பறையில் காகிதம் போதாது என்பவர்களுக்குத் தோதான நாடு இத்தாலி. வீட்டுக்கு வீடு 'பிடே' என்ற தாழ்வான கழுவு தொட்டி இருக்க வேண்டும் என்று 1975லேயே விதி போட்டுவிட்டார்கள். விடுதிகளிலும் பெரும்பாலும் இருக்கும். ரயில் நிலையக் கழிப்பறையில் கிடையாது, அதற்கும் ஒரு யூரோ கேட்பார்கள். காப்பிக் கடையில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு அங்கே போவது லாபம்.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா போதும். வத்திக்கானின் சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. மிலானில் 'கடைசி இராவுணவு' ஓவியத்தைச் சின்னச் சின்னக் குழுவாக 15 நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். டிக்கெட் வெளியானதும் தீர்ந்துவிடும், விமான டிக்கெட்டுக்கு முன்பே இதைப் பாருங்கள். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஃபிரென்ஸேயில் உஃபீட்சி ஓவியக்கூடம் திங்களன்று மூடியிருக்கும்.

ரோமில் தெர்மீனி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், ஜேப்படிக்குப் பேர்போன தடம். தெருவில் யாராவது கையில் கயிறு கட்ட வந்தாலோ பூ நீட்டினாலோ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள். அவசரம் என்றால் 112.

வாடகைக் கார் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய நகரங்களுக்குள் 'ஸெட்-டி-எல்' (ZTL) என்று பலகை வைத்த பகுதிகளில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளும். அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும்.

விடுதிக்குப் போனதும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டம். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக உண்டு, பல இடங்களில் ரொக்கமாகக் கேட்கிறார்கள். லிஃப்டில் தரைத்தளம் பூஜ்யம். 17 அவர்களுக்கு ராசியில்லாத எண், அதனால் சில விடுதிகளில் அந்த அறை எண்ணே இருக்காது.

குளியலறையில் ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். நீராவி போக மின்விசிறியைப் போடும் கயிறு என்று நினைத்து அம்மா இரண்டு முறை இழுத்தார். அது வழுக்கி விழுந்தவர்கள் உதவிக்கு அழைக்கும் மணி. இரண்டே நிமிடத்தில் வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் தட்டினார். அம்மா உள்ளேயிருந்து, பழகிய மரியாதை மாறாமல், "புவோன்ஜோர்னோ" என்றார்.