ஒரே கார், நாலு கொட்டேஷன்: வித்தியாசம் எந்த வரியில் இருக்கிறது?

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க நாலு இடத்தில் கேட்டால் நாலு தொகை வரும். ஒருவர் 7,000 என்பார், இன்னொருவர் 9,000 என்பார், ஷோரூமில் கேட்டால் அதற்கும் மேலே போகும். அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு கொட்டேஷனிலும் வரிவாரியாகப் பிரித்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

முதலில், மாறவே கூடாத வரியைப் பிரித்து வையுங்கள். தேர்டு பார்ட்டி பிரீமியத்தை (உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கட்டணம்) நிர்ணயிப்பது மத்திய அரசு. கம்பெனிகளுக்கு அதில் கை வைக்க உரிமை இல்லை. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியலில் 1000 சிசி வரையுள்ள கார்களுக்கு ரூ.2,094, 1000 முதல் 1500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. மின்சாரக் கார்களுக்குக் கிலோவாட் கணக்கில் தனி விகிதம். எல்லாவற்றின் மேலும் 18% ஜிஎஸ்டி. இந்த வரியில் இரண்டு கொட்டேஷன்கள் முரண்பட்டால், யாரோ சிசியைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது நீங்கள் கேட்காத ஏதோ ஒன்றை அங்கே சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்று: 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு முதல் மூன்று வருட தேர்டு பார்ட்டியும் வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. முதல் இரண்டு புதுப்பித்தலுக்கு ஓன் டேமேஜ் (உங்கள் காருக்கே வரும் சேதம், திருட்டுக்கான பகுதி) மட்டும் போதும். அந்த இரண்டு வருடங்களில் யாராவது தேர்டு பார்ட்டியையும் சேர்த்துக் கொட்டேஷன் நீட்டினால், ஒரே பாதுகாப்புக்கு இரண்டு முறை பணம் கட்டச் சொல்கிறார் என்று அர்த்தம்.

வித்தியாசமெல்லாம் ஓன் டேமேஜ் வரியில்தான். 2007-இல் இந்த விகிதத்தின் மீதான கட்டுப்பாடு நீங்கியது. ஆனாலும் பழைய கட்டணப் பட்டியலைத்தான் பல கம்பெனிகள் இன்றும் அடித்தளமாக வைத்து, அதிலிருந்து தள்ளுபடி தருகின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் பதிவான 1197 சிசி பெட்ரோல் கார். வயது மூன்றுக்கு மேல், நான்குக்குள். இன்றைய விலை 8 லட்சம். இந்த வயதுக்குத் தேய்மானம் 40%, ஆக ஐடிவி (காருக்குப் பாலிசியில் போடும் மதிப்பு) ரூ.4,80,000. ஐந்து வயதுக்குள் இருக்கும் இந்த ரகத்துக்குச் சென்னையில் பட்டியல் விகிதம் 3.283% (மதுரை, கோவைப் பதிவென்றால் இரண்டாம் மண்டலம், 3.191%). பெருக்கினால் ரூ.15,758. ஒரு கம்பெனி 60% தள்ளுபடி தருகிறது, இன்னொன்று 75% என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் க்ளைம் இல்லாததால் 35% என்சிபி (க்ளைம் வாங்காததற்கான தள்ளுபடி) கழியும். முதலாவதில் ரூ.4,097, இரண்டாவதில் ரூ.2,561. தேர்டு பார்ட்டியையும் ஜிஎஸ்டியையும் சேர்த்தால் ரூ.8,866-ம் ரூ.7,053-ம். ஒரே காருக்கு 1,800 ரூபாய் வித்தியாசம், இருவர் சொன்னதிலும் பொய் இல்லை.

அந்தத் தள்ளுபடி ஏன் மாறுகிறது? ஒவ்வொரு கம்பெனியும் தன் க்ளைம் கணக்கைத் தன் கையில் வைத்திருக்கிறது. உங்கள் மாடலின் ஹெட்லைட் விலை, உங்கள் ஆர்டிஓ எண்ணில் வந்த விபத்துகள், டீசலா பெட்ரோலா, எத்தனை ஒர்க்‌ஷாப்புகளோடு ஒப்பந்தம், ஏஜென்டுக்கோ டீலருக்கோ எவ்வளவு கமிஷன் என்று எல்லாம் அதில் போகும். ஒரு மாடலில் கையைச் சுட்டுக்கொண்ட கம்பெனி அதற்குத் தள்ளுபடியைக் குறைக்கும். அந்த மாடலில் ஆள் பிடிக்க நினைக்கும் கம்பெனி கூட்டும். அதனால்தான் போன வருடம் மலிவாக இருந்த கம்பெனி இந்த வருடம் அப்படி இருப்பதில்லை.

இது நியாயமான வித்தியாசம். நியாயமில்லாததும் உண்டு, அதில் முதலாவது ஐடிவி. மேலே சொன்ன காருக்கே ஐடிவியை 10% இறக்கி ரூ.4,32,000 என்று போட்டால், 60% தள்ளுபடிக் கணக்கில் ஜிஎஸ்டியோடு மிச்சமாவது சுமார் 480 ரூபாய். கார் திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75%-ஐத் தாண்டி முழுச் சேதம் என்று முடிவானாலோ நீங்கள் இழப்பது 48,000. எனவே எல்லாக் கொட்டேஷனையும் ஒரே ஐடிவியில் போடச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட காருக்குத் தேய்மானப் பட்டியலே கிடையாது, ஐடிவியைப் பேசி வைப்பதுதான். அங்கே இந்த விளையாட்டு இன்னும் அதிகம்.

அடுத்தது வாலண்டரி டிடக்டபிள், அதாவது க்ளைமில் நீங்களே விரும்பி ஏற்கும் கூடுதல் பங்கு. 1500 சிசி வரை கட்டாயமாக ஒவ்வொரு க்ளைமிலும் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும், அதற்கு மேல் 2,000. வாலண்டரியாக 5,000 என்று டிக் செய்திருந்தால் பிரீமியம் சில நூறு குறையும். ஆனால் ஒரு சின்ன இடிக்கு 6,000 உங்கள் பொறுப்பு. கதவு நசுங்கல் அளவில்தான் பெரும்பாலான க்ளைம் வரும் என்பதால், நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் ஆட்-ஆன்களில் பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லாமல் 12,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பரை மாற்றினால் பாதிதான் வரும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயருக்கெல்லாம் 50% தேய்மானம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகத்துக்கு வயதைப் பொறுத்து ஏறும், மூன்று முதல் நான்கு வயதில் 25%. இந்த ஆட்-ஆனை ஒரு கம்பெனி வருடத்துக்கு இரண்டு க்ளைமோடு நிறுத்தும், இன்னொன்று வரம்பு வைக்காது. மலிவாகத் தெரிந்ததில் அந்த ‘இரண்டு’ ஒளிந்திருக்கலாம்.

சென்னைக்காரர்கள் எஞ்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆனைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் இதைக் கற்றுக்கொடுத்தன. வெள்ளத்தில் நனைந்த சீட்டும் வயரிங்கும் சாதாரண பாலிசியிலேயே வரும். தண்ணீர் புகுந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால் அது பின்விளைவுச் சேதம், வராது. ஆட்-ஆன் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்தால் நிலைமை என்ன என்ற வாசகத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சாவியைத் தொடாமல் டோ செய்வதே சரி.

என்சிபியில் விளையாடாதீர்கள். க்ளைம் இல்லாத வருடங்களுக்கேற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம். போன வருடம் க்ளைம் வாங்கிவிட்டு ‘இல்லை’ என்று அழுத்தினால் கொட்டேஷன் அழகாகக் குறையும். விபத்துக்குப் பிறகு கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும், அப்போது க்ளைமே சிக்கலாகும். என்சிபி காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது; பழைய காரை விற்றால் சான்றிதழ் வாங்கிப் புதுக் காருக்குக் கொண்டுபோகலாம். ஷோரூமில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்பீட்டின் பிரீமியமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த அளவுக்கு ஏற்கனவே தனி விபத்துக் காப்பீடோ, வேறு வண்டியில் இதே பிரிவோ இருந்தால் எழுதிக் கொடுத்து நீக்கிவிடலாம். வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட் இருந்தால் ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றியாக வேண்டும். அதைச் சொல்லாமல் வாங்கிய குறைந்த விலை வேறு வண்டிக்கான விலை.

ஆக, ஒரு தாளில் ஐடிவி, என்சிபி, டிடக்டபிள், ஆட்-ஆன்கள், விபத்துக் காப்பீடு ஐந்தையும் எழுதிக்கொண்டு, அதே நிபந்தனையில் எல்லாரிடமும் கேளுங்கள். ஷோரூம்காரர் தொகையையும் இதே தாளில் வைத்துப் பேசுங்கள்; பல நேரம் அங்கேயே இறங்கி வருவார்கள். காலாவதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. தேதி தாண்டிவிட்டால் வண்டியைப் போட்டோ, வீடியோ எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் முடித்த பிறகுதான் ஓன் டேமேஜ் கிடைக்கும், இடையில் நடக்கும் எதற்கும் காப்பு கிடையாது. 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த என்சிபி முழுவதும் போய்விடும்.