சிதறிக் கிடக்கும் வாய்ஸ் நோட்டுகளை ஒரே எம்பி3 ஆக்குவது எப்படி?

ஊரில் இருக்கும் பாட்டியிடம் ஒரு கதையோ தாலாட்டோ கேட்டால், அது வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் வந்து சேராது. விரல் எடுபட்டதும் ஒரு துண்டு, இருமல் வந்ததும் இன்னொரு துண்டு என்று பத்துப் பதினைந்தாக வரும். போன் மாற்றும்போது முதலில் தொலைந்துபோவதும் இவைதான். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருந்தால், கணினியில் இவற்றைக் கோத்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பின் அளவைச் சுருக்குவது கடைசி வேலை, அதையும் ஒரே தடவைதான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு ஓபஸ் வடிவில் ஏற்கெனவே சுருங்கித்தான் வருகிறது. அதை எம்பி3 ஆக மாற்றும்போது ஒலியில் இன்னும் கொஞ்சம் போகும். இரண்டிரண்டு துண்டாக இணைத்து எம்பி3 ஆக்கி, அவற்றை மறுபடி இணைத்து மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் இழப்பு. ஆடாசிட்டிக்குள் இருக்கும்வரை ஒலி சுருங்காமல் இருக்கும். அங்கே எத்தனை முறை வெட்டி ஒட்டினாலும் தரம் குறையாது.

1. வரிசை

துண்டுகளைக் கணினியில் ஒரு தனி ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். ஒவ்வொன்றையும் கேட்டு 01, 02, 03 என்று பெயர் மாற்றுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும், கதை குழம்பும்.

2. உள்ளே கொண்டுவருதல்

'ஃபைல்' மெனுவில் 'இம்போர்ட்', அதில் 'ஆடியோ'. எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் ஓபஸ் கோப்பு திறக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசத் துணை மென்பொருளை நிறுவிவிட்டு, ஆடாசிட்டியை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

இப்போது பிளே அழுத்தினால் எல்லாக் குரல்களும் ஒரே நேரத்தில் பேசும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு துண்டும் தனி டிராக்காக, ஒன்றன்கீழ் ஒன்றாக, எல்லாமே 0 நொடியில் தொடங்குகிறது. அவ்வளவுதான்.

3. இடைவெளியும் சத்தமும்

அடுத்தடுத்து ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இவை. துண்டின் முன்னும் பின்னும் இருக்கும் கரகரப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். பிறகு அந்த டிராக்கின் முடிவில் கிளிக் செய்து, 'ஜெனரேட்' மெனுவில் 'சைலன்ஸ்' எடுத்து 1 நொடி கொடுங்கள். ஒட்டிய பிறகு இதைச் செய்தால், நீளும் அந்த டிராக்கின் வால் அடுத்த துண்டின் தொடக்கத்தோடு மேலேறிக்கொள்ளும்.

ஆனால் கதை சொல்பவர் இயல்பாக விடும் மௌனத்தை வெட்டாதீர்கள். 'அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா' என்று கேட்டுவிட்டு அவர் நிறுத்தும் அந்த இரண்டு நொடியும் கதைதான்.

ஒரு துண்டு சத்தமாகவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் இருக்கும். கன்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' போடுங்கள். அதில் இயல்பாக இருக்கும் −23 ஒளிபரப்புக்கான அளவு, போனில் கேட்கச் சன்னமாக இருக்கும். −18 வைத்தால் பேச்சுக்குப் போதும். மின்விசிறி இரைச்சலை 'நாய்ஸ் ரிடக்ஷன்' குறைக்கும். ஆனால் அதை அளவோடு போடுங்கள், கூடினால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

4. கோத்தல்

மறுபடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'டிராக்ஸ்' மெனுவில் 'அலைன் டிராக்ஸ்', அதில் 'அலைன் எண்ட் டு எண்ட்'. துண்டுகள் படிக்கட்டுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சேரும் இடங்களை மட்டுமாவது ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

5. சுருக்கிச் சேமித்தல்

'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆடியோ'. வடிவம் எம்பி3, சேனல் மோனோ, பிட்ரேட் கான்ஸ்டன்ட், 64 கேபிபிஎஸ். தனித்தனி டிராக்குகளை ஆடாசிட்டியே இந்த இடத்தில் ஒன்றாக்கிவிடும். எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்ற கோப்பைத் தனியாக இறக்க வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். இப்போது அது உள்ளேயே இருக்கிறது.

64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட், நிமிடத்துக்கு 480. அரை மணி நேரக் கதை சுமார் 14 எம்பி-யில் அடங்கும். அதையே சுருக்காத ஸ்டீரியோ வேவ் ஆக வைத்தால் 300 எம்பி-யைத் தாண்டும். ஒரே மைக்கில் பதிந்த ஒரு குரலுக்கு ஸ்டீரியோ வீண். பக்கவாத்தியத்தோடு பதிவான பாட்டு என்றால் மட்டும் ஸ்டீரியோவில் 192 வையுங்கள்.

டேக், அதாவது கோப்புக்குள்ளேயே பதியும் குறிப்பு, எழுதும் இடத்தில் சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தமிழிலேயே எழுதுங்கள். கோப்பின் பெயரை யார் மாற்றினாலும் அந்த விவரம் உள்ளே தங்கும்.

முடிந்ததும் அதையே ஃபிளாக் வடிவிலும் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, அசல் துண்டுகளோடு வேறொரு டிஸ்க்கில் போடுங்கள். ஃபிளாக்கில் இழப்பு கிடையாது. நாளைக்கு இன்னொரு துண்டு கிடைத்தால், எம்பி3-யைத் தொடாமல் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.