குடித்தால் முகம் சிவக்கிறதா? மரபணுவைக் கணிக்க இரண்டு கேள்விகள்

ஜப்பான், சீனா, கொரியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏஎல்டிஎச்2 மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது, அதை அகற்ற இந்த மரபணு உருவாக்கும் நொதி இவர்களிடம் சரியாக வேலை செய்யாததால் அந்த நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, நாளடைவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகமே வேண்டாம். ஜப்பானிய மருத்துவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: இப்போது ஒரு கிளாஸ் பீர் குடித்தால் முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் சிவந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், பழகப் பழகச் சிவப்பு குறைந்துவிடும், மரபணு மாறாது.

இந்த மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டு பிரதியும் மாறியவர்களால் பெரும்பாலும் குடிக்கவே முடியாது, அது ஒருவகையில் பாதுகாப்புதான். ஒரு பிரதி மட்டும் மாறி, சிவப்பைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து குடிப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். சிவப்பை மறைக்க மாத்திரை போடுவது முட்டாள்தனம், நச்சு அப்படியே இருக்கும்.

இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது ஆம் என்றால் குடியை விடுங்கள், அப்புறம் சிகரெட்டையும். பல வருடம் குடித்தவரென்றால் எண்டோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயால் உணவுக்குழாயைப் பார்க்கும் சோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், விழுங்கும்போது உணவு சிக்கினால் உடனே போங்கள்.